ரோந்து போன கைதிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். சிட்னியைத் 'திருடர்கள் கட்டிய ஊர்' என்று போனில் மாப்பிள்ளை கிண்டல் செய்தாரே, அவரிடம் மீதியையும் சொல்லு: இங்கிலாந்து கப்பலேற்றி அங்கே அனுப்பியது கைதிகளை. முதன்முதலாக ராத்திரி ரோந்து போனவர்களும் அதே கைதிகள்தான். போலீஸில் பாராவும் பீட்டுமாகவே (ரோந்துச் சுற்று) சர்வீஸை முடித்தவன் நான். இதைப் படித்த பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1788 ஜனவரியில் 11 கப்பல்கள் அங்கே வந்து சேர்ந்தன. கைதிகள், காவலுக்குக் கடற்படைச் சிப்பாய்கள், எல்லோருக்கும் மேலே கவர்னர் ஆர்தர் பிலிப். போலீஸ் என்று தனியாக யாரும் இல்லை. கைதிகளை மேய்ப்பது தங்கள் வேலை இல்லை என்று சிப்பாய்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். விளைச்சலும் சரியில்லை. பசி வந்தது, தோட்டத்துக் காய்கறிகள் ராத்திரியில் காணாமல் போயின.

கைதிகள் மட்டும்தான் திருடினார்கள் என்று நினைக்காதே. ஒருநாள் அரசுக் கிடங்கின் பூட்டுக்குள் உடைந்த சாவித்துண்டு ஒன்று கிடைத்தது. கைதியாக இருந்த கொல்லன் பார்த்தவுடனே அது இன்ன சிப்பாயுடையது என்று சொல்லிவிட்டான். விசாரித்தால், ஏழு சிப்பாய்கள் கூட்டு! தங்களில் ஒருவனுக்குக் கிடங்குப் பாரா விழும் ராத்திரியாகப் பார்த்து மற்றவர்கள் உள்ளே போவார்களாம், அதுவும் மாதக்கணக்கில். ஒருவன் அப்ரூவர் ஆனான். மற்ற ஆறு பேரையும் 1789 மார்ச்சில் தூக்கில் போட்டார்கள்.

அந்த ஆகஸ்டில்தான் ரோந்துப் படை வந்தது. யோசனை சொன்னவரே ஜான் ஹாரிஸ் என்ற கைதி. நன்னடத்தையுள்ள 12 கைதிகளைப் பொறுக்கி, ஊரை நான்காகப் பிரித்து, பகுதிக்கு மூன்று பேர் போட்டார்கள். ராத்திரியில் சுற்றுகிறவனை நிறுத்தலாம், பிடித்து வைக்கலாம். வேலையில் அசட்டை என்றால் கடும் தண்டனை. திருட்டு நன்றாகவே குறைந்தது. லண்டனில் பல தெருக்களுக்குக்கூட இப்படிக் காவல் இல்லை என்று நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் ஒரு ராத்திரி அவர்கள் ஒரு சிப்பாயை நிறுத்திவிட்டார்கள். சிப்பாய்களின் தலைவர் மேஜர் ராபர்ட் ராஸ் கொதித்துப் போனார். கைதி எங்கள் ஆள் மேல் கை வைப்பதா, இது படைக்கே அவமானம் என்று. கவர்னர் இறங்கி வந்தார்: சிப்பாய் குற்றம் செய்யும்போது கையும் களவுமாகப் பிடிபட்டால் ஒழிய அவனைத் தொடக்கூடாது. கிடங்கைக் கொள்ளையடித்த ஆறு சிப்பாய்களைத் தூக்கிலிட்ட அதே வருஷம் இது! எனக்கு ஆச்சரியமே இல்லை. செக்போஸ்டில் நான் நிறுத்திய காருக்கு எங்கிருந்தோ போன் வந்த கதை உனக்குத்தான் தெரியுமே.

ஜோசப் லூக்கர் என்ற கான்ஸ்டபிளின் கதைதான் மனதை விட்டுப் போகவில்லை. அவரும் கைதியாக வந்தவர்தான். 1803 ஆகஸ்டில் ராத்திரி டூட்டியில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அதே ராத்திரி நடந்த திருட்டில் ஜோசப் சாமுவேல் என்பவன் மாட்டினான். திருடியது உண்மை, கொலை செய்யவில்லை என்றான். தூக்கில் ஏற்றினால் மூன்று முறையும் கயிறு கைவிட்டது. அப்போது கவர்னராக இருந்த கிங் அவன் உயிரை விட்டுவிட்டார். சந்தேகப் பட்டியலில் லூக்கரோடு வேலை பார்த்த கான்ஸ்டபிள் ஒருவரும் இருந்தார். ஆனால் கொலைக்கென்று கடைசிவரை யாருக்கும் தண்டனை இல்லை. அந்தக் கேஸ் என் கைக்கு வந்திருந்தால், அன்றைக்கு யார் யாருக்கு எங்கே பீட் என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா