கோப்பு பழுதாகவில்லை ஐயா, பதில்தான் பழுது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “என்னிடம் உள்ள பழைய ஓஜிவி வீடியோக்கள் இப்போது பிரவுசரில் திறக்க மறுக்கின்றன, என்ன செய்யலாம்?” என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். உங்கள் பதில்: “அது காலாவதியான, பழுதான கோப்பு. பெயரின் கடைசியில் எம்பி4 என்று மாற்றிப் பாருங்கள். சரிவராவிட்டால் ஆன்லைனில் மாற்றிக்கொண்டு பழையதை அழித்துவிடுங்கள்.” மூன்றே வாக்கியம், மூன்றும் தப்பு. இவ்வளவு சிக்கனமாகத் தப்புச் செய்யவும் ஒரு திறமை வேண்டும்தான்.

முதலில் ‘பழுது’. ஓஜிவி கோப்புக்குள் படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்கு, அதாவது கோடெக்குக்கு, தியோரா என்று பெயர். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2024-ல் தியோரா வீடியோவுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டன. அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைந்துவிட்டார்கள். சுருக்கியதை விரித்துக் காட்டும் டீகோடர் நிரல் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் பழையதாகிக் கிடப்பது பாதுகாப்புக்கு ஓர் ஓட்டை என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். சஃபாரி எந்தக் காலத்திலும் இதைச் சேர்த்துக்கொண்டதே இல்லை. ஆக, மாறியது பிரவுசர். கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. அதே கோப்பை விஎல்சி பிளேயரில் போட்டால் இன்றும் ஓடும். தொழில்நுட்பப் பகுதி நடத்தும் உங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்து ‘காலாவதி’. ஆன்2 என்ற நிறுவனம் தன் விபி3 கோடெக்கை 2001-ல் திறந்த மூலமாகக் கொடுத்தது. ஸைஃப் அறக்கட்டளை அதிலிருந்து தியோராவை உருவாக்கி, 2004-ல் அதன் அமைப்பை இறுதி செய்தது. இணையப் பக்கங்களுக்கான ஹெச்டிஎம்எல்5 தரத்தின் வரைவில், ஆக் என்ற கோப்பு உறையில் வைத்த தியோராவைப் பரிந்துரைக்கும் ஒரு வரி இருந்தது. ஆப்பிளும் நோக்கியாவும் முகம் சுளிக்க, 2007 டிசம்பரில் அந்த வரி போயிற்று. அப்படியும் 2009-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 எந்த பிளக்-இன்னும் இல்லாமல் அதை ஓட்டிக் காட்டியது. ஃப்ளாஷ் இல்லாமல் பக்கத்துக்குள்ளேயே வீடியோ ஓடியதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறு ஆண்டே கூகுள் ஆன்2-வை வாங்கி, விபி3-இன் வழிவந்த விபி8-ஐத் திறந்த மூலமாக்கி, வெப்எம் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. நீங்கள் குப்பை என்று ஒதுக்கியது, அதே இதழின் அடுத்த பக்கத்தில் நீங்களே மெச்சியிருக்கும் வெப்எம்முக்கு மூத்த பங்காளி.

பெயர் மாற்றும் யோசனைக்கு வருகிறேன். வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே குடியிருப்பவர் மாறிவிடுவாரா? ஆக் என்பது வெறும் உறை. உள்ளே படம் தியோராவிலும் ஒலி பெரும்பாலும் வார்பிஸ் என்ற ஒலிக் கோடெக்கிலும் இருக்கும். சந்தேகமிருந்தால் ஓர் ஓஜிவி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் நான்கு எழுத்துகள் ஓ, ஜி, ஜி, எஸ் என்று நிற்கும். அப்புறம் கொஞ்ச தூரம் கிறுக்கல். அதற்கு நடுவே தியோரா, வார்பிஸ் என்ற ஆங்கிலச் சொற்கள் பளிச்சென்று தெரியும். என் கோப்புகள் சிலவற்றில் ‘துஸ்நெல்டா’ என்றுகூட இருக்கிறது. 2009-ல் வந்த தியோரா 1.1-இன் செல்லப்பெயர் அது. பெயரில் எம்பி4 என்று ஒட்டினாலும் இவை அத்தனையும் அப்படியேதான் இருக்கும். விஎல்சி போன்றவை உள்ளே பார்த்துவிட்டு ஓட்டிவிடும். ‘ஆகா, மாறிவிட்டது’ என்று நம்பி ஃபோனுக்கு அனுப்பினால், அது கைவிரித்துவிடும்.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஆக் என்று முடியும் கோப்பு எல்லாமே பாட்டுதான் என்று ஒருமுறை எழுதினீர்கள். ஓஜிவி என்ற பின்னொட்டு பழக்கத்துக்கு வருவதற்கு முன் வீடியோவையும் அதே பெயரில்தான் சேமித்தோம். உங்களை நம்பி எத்தனை பேர் அவற்றைப் பாட்டுக் கோப்புறையில் தள்ளினார்களோ. இன்னொருமுறை, எது ஓடாவிட்டாலும் ஏதாவது ஒரு கோடெக் பேக்கை இறக்கிப் போடச் சொன்னீர்கள். அந்த யோசனையைக் கேட்டவர்களின் கணினிகளைச் சுத்தம் செய்தது நான். அப்போதே நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். “தங்கள் பகுதியை விரும்பிப் படிக்கிறேன்” என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டு என்னைக் கௌரவித்தீர்கள். இம்முறை அந்த வரியை எழுதாமல் தவிர்த்திருக்கிறேன்.

லினக்ஸில் ரெக்கார்ட்-மை-டெஸ்க்டாப் கொண்டு திரையைப் பதிவு செய்து பாடம் நடத்தியவன் நான். அந்த மென்பொருள் ஓஜிவியாகத்தான் சேமிக்கும். நீங்கள் சொல்வதுபோல ஓர் ஆன்லைன் மாற்றியில் ஏற்றியும் பார்த்திருக்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை. திரும்பி வந்த கோப்பில் மெனுவின் சின்ன எழுத்துகள் நீர்பட்ட மை மாதிரி கலங்கியிருந்தன. பாடம் முடியும் நேரத்தில் குரல் ஒரு பக்கம், மவுஸ் ஒரு பக்கம். அதை வைத்துக்கொண்டு மூலத்தையும் அழிப்பதா?

சரியான வழி அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. விஎல்சியில் கோடெக் விவரம் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். கட்டளை அடித்து வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் தெரிந்தவர்கள், உறையை மட்டும் மாற்றினால் போதுமென்றால், படத்தையும் ஒலியையும் அப்படியே நகலெடுத்து எம்கேவி என்ற வேறோர் உறையில் வைக்கலாம்; தரம் துளியும் குறையாது. பிரவுசரில் ஓட வேண்டுமென்றால் வெப்எம். அதில் வார்பிஸ் ஒலி அப்படியே போகும், படத்தை மட்டும் விபி9-க்கு மாற்றினால் போதும். ஃபோனுக்கும் டிவிக்கும் எம்பி4 வேண்டும் என்றால் படம் ஹெச்.264, ஒலி ஏஏசி என இரண்டையுமே மறுபடி சுருக்க வேண்டிவரும். அதனால் எஃப்எஃப்எம்பெக்கில் தர எண்ணை (CRF) 18 அல்லது 20-ல் வைப்பது நல்லது; எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். கட்டளை அடிக்கப் பயப்படுகிறவர்களுக்கு, பொத்தானை அழுத்தியே மாற்ற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆக் உறையில் எம்பி4-இல் இருப்பது போல, எந்த நொடி கோப்பில் எங்கே என்று சொல்லும் அட்டவணை கிடையாது. நடுவில் தாவினால் பிளேயர் தேடித்தான் இடம் பிடிக்கும். அந்தத் தாமதத்தைப் பார்த்தும் பழுது என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள்.

அழிக்கச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மறுபடி சுருக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்பாது. மூலம் கையில் இருந்தால் நாளை வரும் நல்ல கோடெக்குக்கு அதிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். ஆக், தியோரா இரண்டின் விவரக்குறிப்பும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டையும் படிக்கும் நிரல் இருக்கிறது.

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம். “பெயரை மாற்றுவது மாற்றமாகாது, மாற்றிய பிறகும் மூலக் கோப்பை வைத்திருக்கவும்” என்று அடுத்த இதழின் ஏதாவது மூலையில் போடுங்கள். கேள்வி கேட்ட வாசகருக்கு மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ரீசைக்கிள் பின்னை அவர் இன்னும் காலி செய்யாமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்