மூன்று ஏழை வீடுகள், ஒரே மேஜை: ஒரு நன்றி மடல்

அக்கம்பக்கத்தாருக்கும் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின நாடகாசிரியர்களின் ஓரங்க நாடக விழா இரண்டு மாலையும் நல்லபடியாக நடந்து முடிந்தது. மேரி பர்ரில், வில்லிஸ் ரிச்சர்ட்சன், ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன் மூவரும் இந்த ஊரில் வாழ்ந்து எழுதியவர்கள். பர்ரில் பள்ளி ஆசிரியை. ரிச்சர்ட்சன் அவரிடம் படித்தவர். நோட்டு அச்சடிக்கும் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய அந்த மாணவரின் ‘தி சிப் வுமன்ஸ் ஃபார்ச்சூன்’, 1923-இல் நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வேயில் ஏறியது. பாட்டும் கூத்தும் இல்லாத உரைநாடகமாக, கறுப்பினத்தவர் ஒருவர் எழுதி அங்கே ஏறிய முதல் படைப்பு அதுதான். ஜான்சனோ எஸ் தெரு 1461-ஆம் எண் வீட்டில் சனிக்கிழமைதோறும் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்தவர்.

பெரிய அரங்குகள் இவர்களுக்குப் பெரும்பாலும் கதவு திறக்காத காலம் அது. பள்ளிக்கூட அறைக்கும் தேவாலயக் கூடத்துக்கும் பத்திரிகைப் பக்கத்துக்கும் எழுதினார்கள். அதனால்தான் ஒரு அறை, ஒரு மேஜை, நாலைந்து நடிகர்கள் போதும். ஆனால் பொருள் குறைவாக இருக்கும் மேடையில் ஒவ்வொரு பொருளும் பார்வையாளர் கண்ணில் படும். அந்தப் பொருள்களைச் சரியாக அமைத்துத் தந்தவர்களுக்கே இந்த மடல்.

முதலில் நூலகர் அம்மாவுக்கு. பழைய நாடகம் என்றாலே உரிமை கேட்க வேண்டியதில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்து நூல்களுக்கு அச்சேறிய ஆண்டிலிருந்து 95 ஆண்டு கணக்கு. மேடையேறிய ஆண்டு கணக்கில் வராது. ஜான்சனின் ‘ப்ளூம்ஸ்’ 1927-இல் அச்சானது, 2023 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆனது. அவர் எழுதி, உயிரோடிருந்தவரை அச்சேறாத நாடகங்களுக்குக் கணக்கே வேறு. ஒவ்வொன்றையும் பார்த்துச் சொன்னதோடு, வட்டார உச்சரிப்பில் எழுதிய வசனங்களைப் பிற்காலத் தொகுப்பின் ‘திருத்தங்கள்’ இல்லாமல் முதல் அச்சோடு ஒப்பிட்டுத் தந்தீர்கள். திரையில் வசன வரி ஓட்டியவரும் அதே எழுத்தைத்தான் ஓட்டினார். அந்தப் பேச்சுக்கு இலக்கணம் திருத்தினால் அந்த மனிதர்களையே திருத்துவதாகிவிடும்.

‘ப்ளூம்ஸ்’ நாடகத்தின் காப்பிக் கோப்பையைத் தயார் செய்த இருவருக்குத் தனி நன்றி. நோயில் கிடக்கும் மகளுக்கு ஐம்பது டாலர் அறுவை சிகிச்சையா, இறகுக் கொண்டை சூடிய குதிரைகளோடு கௌரவமான இறுதி ஊர்வலமா என்று ஒரு தாய் தத்தளிக்கும் கதை அது. அண்டை வீட்டுப் பெண் கோப்பையின் அடியில் ஒட்டிய காப்பி மண்டியில் குறி பார்க்கிறாள். பொடி மிக நைசாக இருந்தால் சேறாகப் படியும். கொரகொரப்பாக இருந்தால் அத்தனையும் சாசரில் கொட்டிவிடும். நடுத்தரமாக அரைத்த பொடி இரண்டு தேக்கரண்டி, கொதிநீர் 150 மில்லி, நான்கு நிமிடம் பொறுத்து மேல்நீரை வடித்துவிட்டு ஒரே ஒரு சுழற்று என்பது பல முறை செய்து பார்த்துக் கண்ட அளவு. உள்பக்கம் வெள்ளையான எனாமல் கோப்பை என்பதால் மூன்றாம் வரிசை வரை மண்டி தெரிந்தது. நடிகை ‘பார்ப்பதுபோல்’ நடிக்க வேண்டியிருக்கவில்லை, உண்மையாகவே பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஊர்வலம் போகும் குளம்போசைக்குப் பதிவு வேண்டாம் என்று சொன்ன பெரியவருக்கும் நன்றி. சிரட்டை இரண்டைக் கல்லில் தட்டினால் நகரத் தெருக் குதிரை. தட்டில் துணி விரித்து இரண்டு அங்குலம் காய்ந்த மண் பரப்பித் தட்டினால்தான் மண்சாலையில் மெதுவாக நடக்கும் குதிரை.

இனி ஒளி. வாடகைக்கு வந்த எல்.ஈ.டி. விளக்குகள் கேட்டபடி இல்லை. நீலம் தூக்கலான வெள்ளை. அந்த வெளிச்சத்தில் கருத்த முகம் சாம்பல் பூத்துப்போகும். வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகும் என்பது வழக்கமான தவறு. கூட்டக் கூட்ட வெள்ளைச் சுவர்தான் பளீரென்று எழும்பும், முகம் மேலும் இருளும். ஒளியமைத்த பெண்மணி செய்தது நேர்மாறு. பின்சுவர் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தார். இரு பக்கத்திலிருந்தும் தலைமட்டத்தில், மங்கிய ஆம்பர் ஜெல் (தேன் நிறக் கண்ணாடித்தாள்) போட்ட பழைய ஹாலஜன் விளக்குகளை வைத்தார். தாய் ஓரம் மடித்துத் தைக்கும் வெள்ளை உடுப்பைத் தேயிலை நீரில் பத்து நிமிடம் நனைத்துக் காயவைக்கச் சொன்னார். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை போய்விட்டது. மடியில் கிடந்த அந்தத் துணியே ஒளியை மெல்ல முகத்துக்கு ஏற்றியது. ஒப்பனைக்காரரும் நிறமற்ற பவுடரை ஒதுக்கி, அவரவர் தோல் நிறத்துக்கே கலந்து வைத்திருந்தார்.

பின்னலைத் தலையோடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் விக் பொருத்திய சிகையலங்காரத் தோழிகளே, ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் வேலையை முந்தின இரவே முடித்துத் தந்தீர்கள். இந்தக் கை தெரிந்தவர் இல்லாத குழுக்களில் நடிகைகளே தங்கள் தலையைப் பார்த்துக்கொள்ள விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. அது சரியல்ல.

ரிச்சர்ட்சன் நாடகத்தில் தவணை பாக்கிக்காகக் கடைக்காரர்கள் தூக்கிப்போக வரும் அந்த விக்ட்ரோலா இசைப்பெட்டியை நம்பிக் கொடுத்த குடும்பத்துக்கு: எஃகு ஊசியை இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றினோம், பழைய ஊசி தட்டை உழுதுவிடும். இரவில் ஸ்பிரிங்கை முறுக்கோடு விடவில்லை.

தேவாலயத்து அடித்தளக் கூடத்தைத் தந்தவர்கள், நாடகம் தொடங்க இருபது நிமிடத்துக்கு முன் கொதிகலனையும் குளிர்பெட்டியையும் நிறுத்தினார்கள். அந்த ரீங்காரம் இருந்தால் பர்ரில் நாடகத்தில் வரும் தாய் நலிந்த குரலில் பேசும் வரிகள் கடைசி வரிசைக்கு எட்டாது. மறுபடி இயக்க மறக்காமலிருக்கக் காவலர் தன் கார் சாவியைக் குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்தார். செட் மாற்றிய பிள்ளைகள் மூன்று நிற டேப் பார்த்து ஒரே மேஜையை மூன்று வீட்டுக்கு நகர்த்தினார்கள், ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடத்துக்குள்.

எனாமல் கோப்பைகள், சலவைத் தொட்டி, நாற்காலிகள் எல்லாம் கழுவி, பெயர் ஒட்டிக் கூடத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விக்ட்ரோலாவை நாங்களே நான்கு பேர் கொண்டுவந்து இறக்குகிறோம்.

அன்புடன்,
விழாக் குழுவினர்