கடைவீதிக்கு நடந்தே ரோந்து வந்த காவலர்கள் உங்கள் இருவருக்கும், கூட நின்ற மற்ற எல்லோருக்கும்

வணக்கம். பல நாளாக மனசுக்குள் வைத்திருந்த மடல் இது. நேரில் பார்க்கும்போது "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன், அது போதவில்லை. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் சதுக்கத்தை ஒட்டிய மாடியில் அம்மாவும் நானும் குடியிருக்கிறோம். அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைகள் ஷட்டரை இறக்கியதும் ஒரு கூட்டம் வந்து உட்காரும், பாட்டில் உடையும், கடைசிப் பேருந்துக்கு நிற்கும் பெண்களைப் பார்த்துக் கேட்கக்கூடாத பேச்செல்லாம் வரும், காலையில் எங்கள் படிக்கட்டில் சிறுநீர் வாடை அடிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய குற்றம் இல்லை, அதுதான் பிரச்சினையே. போன் செய்தால் போலீஸ் வண்டி வரும், மேலே விளக்கு சுற்றும், கூட்டம் கலையும், வண்டி போனதும் பத்து நிமிடத்தில் அதே ஆட்கள் அதே படியில் இருப்பார்கள். அம்மா மாலை நடையை நிறுத்தினார். பக்கத்து வீட்டுப் பெண் டியூஷன் முடிந்து சுற்று வழியில் வர ஆரம்பித்தாள். யாரும் எங்கும் புகார் எழுதாமலேயே எங்கள் நேரமும் எங்கள் வழியும் மாறிப்போனது.

நீங்கள் இருவரும் முதல் நாள் வந்தபோது யாரையும் விரட்டவில்லை. நேராகச் சொல்கிறேன், எனக்கு அன்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. விரட்டாமல் என்ன கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த மூலையில், எத்தனை பேர் என்று கடை கடையாகக் கேட்டீர்கள். அக்கா, நீங்கள்தான் ஒரு நோட்டைக் கொடுத்து, நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதி வையுங்கள், கோபத்தை எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். ஐந்து பேர் மாற்றி மாற்றி எழுதினோம். ஆறு வாரம் கழித்து நீங்கள் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது: கடைவீதி முழுக்கப் பிரச்சினை இல்லை. விளக்கு எரியாத ஒரே ஒரு மூலை, வாரக் கடைசி, கடைகள் மூடியதிலிருந்து கடைசிப் பேருந்து போகும்வரை. அவ்வளவுதான்.

அப்புறம்தான் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1979இலேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாக ஓடுவதைவிட, அந்த அழைப்புகளுக்கு அடியில் இருக்கும் பிரச்சினையைக் காவல்துறை பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நீங்கள் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்றுவிட்டு நகர்வதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் எடுத்த பதிவுகளை வைத்து 1995இல் கிறிஸ்டோபர் கோப்பர் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வின்படி, காவலர்கள் 10 முதல் 16 நிமிடம் நின்றுவிட்டுப் போனால் அவர்கள் போன பிறகும் அமைதி கூடுதல் நேரம் நீடிக்கிறது, அதற்கு மேல் நிற்பதால் அதே அளவு பலன் கூடுவதில்லை. இதைப் படித்ததும், எந்த நேரத்தில் வருவீர்கள் என்று யாருக்கும் தெரியாமல், ஆனால் கட்டாயம் வருவீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி நீங்கள் வந்துபோனது எவ்வளவு யோசித்துச் செய்த வேலை என்று புரிந்தது.

நகராட்சி மின்பணியாளருக்குத் தனியாக நன்றி. மூன்று முறை ஏணியோடு வந்து, கடைசியில் கம்பத்துக்குள் அறுந்திருந்த வயரைக் கண்டுபிடித்து மாற்றினார். விடிவதற்கு முன்பே கண்ணாடிச் சில்லைக் கூட்டி அள்ளிய துப்புரவுப் பணியாளர்களுக்கும், அந்தப் படியில் யாரும் உட்கார முடியாதபடி பூந்தொட்டி வைத்த கடைக்காரருக்கும் நன்றி. இதையெல்லாம் சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லோவெல் நகரில் இப்படிப்பட்ட இடங்களில் செய்த ஒரு பரிசோதனையின் முடிவு 2008இல் வெளியானது. சில்லறைக் குற்றங்களுக்குக் கைது செய்வதைவிட, இடத்தையே சீர்செய்ததுதான் அங்கே அதிகம் பலன் தந்திருக்கிறது.

உங்களுக்கு நான் அதிகம் கடமைப்பட்டிருப்பது வேறொரு விஷயத்துக்கு. அந்தக் கூட்டத்தை நான் ஒரே கூட்டமாகத்தான் பார்த்தேன். நீங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பெண்களைத் தொந்தரவு செய்த இருவர் மேல் வழக்குப் போட்டீர்கள், புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டீர்கள். குடித்துவிட்டு அங்கேயே விழுந்து கிடந்தவரைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்க இரண்டு முறை கூட்டிப்போனீர்கள், முதல் முறை அவர் பாதி வழியில் இறங்கி ஓடிய பிறகும். மற்ற பையன்களுக்குப் போக வேறு இடமில்லை, அவ்வளவுதான். அவர்களிடம் உட்கார்ந்து பேசினீர்கள். இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட உங்கள் கையில் லத்தி ஓங்கி நான் பார்க்கவில்லை. அதில் ஒரு பையன் இப்போது அம்மாவின் காய்கறிப் பையை மாடிவரை தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில் அவனைப் பற்றி நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொந்தரவு பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அந்தத் தெருவிலும் ஒரு நோட்டு வைத்தோம், அங்கேயும் குறைந்துதான் இருக்கிறது. இன்னும் சிலர், நடை ரோந்தால் குற்றம் குறையாது, பயம் மட்டும்தான் குறையும் என்கிறார்கள். அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1978, 79இல் நடந்த ஆய்வில் அப்படித்தான் வந்தது என்பதும் உண்மை. எங்கள் கடைவீதியில் இரண்டுமே குறைந்தது. அது ஒருபக்கம் இருக்கட்டும், பயம் "மட்டும்" என்று ஏன் சொல்ல வேண்டும்? இரண்டு வருடம் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்த என் அம்மா இப்போது இருட்டிய பிறகு கீழே போய் பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறார். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரலாம் என்று சொன்னீர்கள். வந்தால், புதிதாக வருபவர்களை ஒரு நாள் உங்களோடு இந்தக் கடைவீதியில் நடக்க வைத்து, கடை கடையாகப் பேர் சொல்லி அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள். நோட்டு மூன்றாவதில் ஓடுகிறது, பழைய இரண்டும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அவர்களிடம் நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
சதுக்கத்து மாடி வீட்டிலிருந்து