கன்னிமார் பேய் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன இதழ் சொல் விளக்கத்தில் 'அமானுஷ்யம்: பழந்தமிழ்ச் சொல், பேய் நடமாட்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பக்கத்திலேயே கிணற்றுமேட்டுக் கன்னிமார் கோயில் படம் வேறு. படத்தைப் பார்த்ததும் மனசு கொதித்துவிட்டது.

அமானுஷ்யம் வடசொல் என்று உங்களுக்குத் தெரியாததா? மானுஷம் என்றால் மனிதரைச் சேர்ந்தது, முன்னால் 'அ' சேர்ந்தால் அப்படி அல்லாதது, அவ்வளவுதான். அதில் சாமியும் அடங்கும். பேய்க்கு நம்மிடம் பேய் என்ற சொல்லே இருக்கிறது, 565ஆம் குறளில் 'பேஎய்' என்றே வருகிறது, 850இல் அதே பேய்க்கு 'அலகை', 1081இல் பெண்ணைப் பார்த்து மயங்கினவன் 'அணங்குகொல்', தெய்வப் பெண்ணோ, என்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பேய் என்று தன்னையேதான் சொல்லிக்கொண்டார்.

எங்கள் அப்புச்சிக்கு, அம்மாவைப் பெற்றவருக்கு, காங்கயம் பக்கம் தோட்டம். ராத்திரி தண்ணி கட்டப் போகும்போது வேப்பமரத்தடியில் கன்னிமாராகக் கும்பிடும் ஏழு கல் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், தாண்டின பிறகுதான் காலில் போடுவார். பயமா அப்புச்சி என்று கேட்டேன். "பயமென்ன சாமி, நம்மூட்டுப் புள்ளைங்க தூங்கறாங்க, சத்தம் போடாம வா" என்றார். பயந்து காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத்தான் 'காத்துக் கருப்பு' என்று வேப்பிலை எடுப்பார். கன்னிமாரை ஒருநாளும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.

இது முதல் தடவையும் இல்லை. பெருந்துறையைப் 'பெருந்துரை' என்று போட்டீர்கள், இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. முனியப்பன் கோயிலைப் பேய்க்கதைக்குள் இழுத்தீர்கள், முனி என்றால் தவசி என்று ஒருவர்கூடவா அங்கே சொல்லவில்லை? போன வருஷம் என் கடிதத்தில் 'ஒறம்பரை' என்று எழுதியிருந்ததை 'விருந்தாளி' ஆக்கினீர்கள். சோறு போட்டு அனுப்பிவிடுகிறவர் விருந்தாளி. ஒறம்பரை எங்களுக்குச் சொந்தமுங்க. கொங்குச் சொல் என்றாலே அச்சுப்பிழை என்று யார் உங்களுக்குச் சொன்னது? இருபது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவனுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்தப் படம் மட்டும் மறுபடி வேண்டாம்.

இப்படிக்கு,
காங்கயம் வாசகர்