வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த மண்டையோட்டுக் கல் பற்றி

வணக்கம்.

எங்களோடு கல்லறைத் தோட்டம் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கல்லை மறந்திருக்காது. நுழைந்ததும் இடப்பக்கம், பாசி படர்ந்து, மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும். பல வருடமாக அதைக் கடற்கொள்ளையன் கல்லறை என்று காட்டினோம், இப்போது இல்லை என்கிறோம். சண்டையே அதில்தான்.

"இத்தனை நாள் பொய் சொல்லிக் காசு வாங்கினார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். தப்பு என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன், பொய் என்றதுதான் தைக்கிறது. நாங்களும் அதை நம்பித்தான் சொன்னோம். போன மாதம் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் தேய்ந்த எழுத்துகள் நிழலில் எழும்பி வந்தன: ஒரு வியாபாரி, அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். கப்பலும் இல்லை, புதையலும் இல்லை.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் சாதாரணக் குடும்பக் கல்லறையிலும் மண்டையோடு, எலும்பு, மணற்கடிகாரம் எல்லாம் செதுக்கினார்கள், பார்க்கிறவனுக்கு "உனக்கும் இதுதான்" என்று நினைவூட்ட. பாதிரியார் கல்லறையில்கூட உண்டு. கொள்ளையர்கள் கொடியில் போட்டதும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த இந்தச் சாவுச் சின்னத்தைத்தான்.

அப்புறம், கொள்ளையனுக்குக் கல் நட்டது யார்? கேப்டன் கிட் என்ற கொள்ளையனை 1701இல் லண்டனில் தூக்கிலிட்டு, தார் பூசி, தேம்ஸ் ஆற்றோரம் தொங்கவிட்டார்கள். 1718இல் கறுப்புத்தாடி (பிளாக்பியர்ட்) என்ற கொள்ளையனின் தலையை வெட்டிக் கப்பல் முகப்பில் கட்டினார்கள். இன்னொரு கொள்ளையர் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் 1722இல் செத்ததும் அவருடைய ஆட்களே உடலைக் கடலில் போட்டுவிட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் லெவாஸர் என்ற பிரெஞ்சுக் கொள்ளையரின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், ஆனால் அவரைத் தூக்கிலிட்டது 1730இல், அந்தக் கல்லறைத் தோட்டம் வந்ததோ 1788இல். நாங்கள் மட்டும்தான் ஏமாந்தோம் என்று நினைக்காதீர்கள்.

கொள்ளையன் கதையை ரசித்துச் சொல்லிவந்த எங்கள் மூத்த வழிகாட்டி இதில் மனம் கசந்து விலகிவிட்டார், அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். அந்தக் கதையை இனியும் சொல்வோம், கதை என்று சொல்லிவிட்டுச் சொல்வோம், அவ்வளவுதான்.

மழையிலும் வந்தவர்கள், மூன்றாம் முறை நண்பர்களைக் கூட்டிவந்தவர்கள், அந்தச் செய்தியைப் பார்த்ததும் எங்களுக்காகப் பரிந்து பேசியவர்கள், உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் இதை எப்போதோ மூடியிருப்போம்.

வழிகாட்ட ஆள் குறைந்ததால் நடை இனி ஒன்றரை மணி நேரம் இல்லை, ஒரு மணி நேரம், கட்டணம் பழையபடிதான். வரும்போது ஆளுக்கொரு டார்ச் கொண்டுவாருங்கள், எழுத்தை நீங்களே படிக்கலாம்.