ஒன்பது இலக்க எண் இல்லாத பிள்ளைகள்

டேவிஸ், கலிஃபோர்னியா
8 பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? இங்கே குளிர் விட ஆரம்பித்துவிட்டது. ஊரைச் சுற்றி பாதாம் மரங்கள் பூக்கத் தொடங்கியிருக்கின்றன.

போன ஞாயிறு போனில், "நீயே அடுத்தவன் நாட்டில் விசாவில் இருக்கிறாய். குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களுக்காக நீ ஏம்மா மெனக்கெடுகிறாய், வம்பு வராதா?" என்று கேட்டீர்கள். உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி உதவித்தொகை அலுவலகத்துக்கு அக்டோபரில் ஒரு பெண் வந்தாள். முதலாண்டு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "என் தோழிக்காகக் கேட்கிறேன்" என்றாள். இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, தோழிக்கே பதில் சொல்வதுபோலச் சொல்வேன். "உனக்குக் காகிதம் இருக்கிறதா?" என்று ஒருபோதும் கேட்பதில்லை. "எந்தப் படிவம் போட்டாய்?" என்று மட்டும்தான் கேட்பேன். மத்திய அரசின் உதவித்தொகைப் படிவம் இவர்களுக்கு இல்லை. மாநில உதவித்தொகைக்கான 'ட்ரீம் ஆக்ட்' படிவம் உண்டு. அது தெரியாமலேயே படிப்பை விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்பா.

இரண்டாவது தடவை வந்தபோது, தோழி வேறு யாரும் இல்லை என்று அவளே சொன்னாள். மெக்சிகோவிலிருந்து மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அம்மா தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் விண்ணப்பம் நிரப்பும்போது, சோஷியல் செக்யூரிட்டி எண் என்னம்மா என்று கேட்டிருக்கிறாள். ஒன்பது இலக்கம், இங்கே எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நமக்கு அது இல்லை" என்றாளாம். பதினேழு வயதில்தான் அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது.

அவள் கையில் இருந்த பில்லில், வெளிமாநிலத்தாருக்கான கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். அதை நீக்க ஒரு வழி இருக்கிறது. இங்கே மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேர்ச்சி பெற்றவர்கள் உள்ளூர்க் கட்டணமே கட்டலாம் என்று கலிஃபோர்னியா 2001-இல் சட்டம் போட்டது. ஏபி 540 என்பார்கள். ஆனால் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். தகுதி கிடைத்ததும் சட்டப்படி தங்க விண்ணப்பிப்பேன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒன்றும் ஆகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. மாணவர் விவரங்களைப் பாதுகாக்க 1974-இலேயே ஒரு சட்டம் வந்ததையும், அது என்ன சொல்கிறது என்பதையும்தான் சொன்னேன். அப்புறம் அவளை இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

உங்களுக்கு இது பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். டெக்சாஸில் டைலர் என்று ஓர் ஊர். 1977-இல் அங்குள்ள பள்ளிகள் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டன. நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. அப்படியே நாடு கடத்திவிட்டால் என்ன செய்வது என்று, சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே நீதிமன்றத்துக்கு வந்தார்களாம். 1982 ஜூன் 15-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு பள்ளியோடு முடிகிறது. கல்லூரி வாசலில் அந்தந்த மாநிலத்தின் மனசுதான். 2001-இல் முதல் ஆளாக உள்ளூர்க் கட்டணம் கொடுத்த டெக்சாஸில், சென்ற ஜூனில் அது நின்றுபோனது.

2012-இல் ஒபாமா கொண்டுவந்த 'டாக்கா' திட்டம், சிறு வயதில் காகிதம் இல்லாமல் வந்தவர்களை நாடு கடத்தாமல் விட்டுவைத்து, பலருக்கு வேலை அனுமதியும் கொடுத்தது. அதற்கு 2007 ஜூன் 15 முதல் இங்கே இருந்திருக்க வேண்டும். இந்தப் பெண் வந்ததோ 2010-இல்.

நம் ஆட்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். இங்கே ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான். ஐந்து வயதில் அப்பாவின் எச்1பி வேலை விசாவோடு வந்தவன், எல்லாக் காகிதமும் உண்டு. கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் பல வருடம் நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு 21 வயது ஆனால் பெற்றோர் விசாவிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். அவனுக்கு வரும் ஜூலையில் 21. மாணவர் விசாவுக்கு மாறப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். உங்கள் பேரனுக்கு இப்போது 14. நாங்களும் அதே வரிசையில்தான் நிற்கிறோம். இதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, கவலைப்படுவீர்கள் என்று.

இன்னொன்றும் இருக்கிறது, அப்பா. நீங்கள் பள்ளியில் வேலை பார்த்தபோது, இருளர் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் இல்லாமல் பத்தாவதோடு நின்றுவிடக் கூடாது என்று அலுவலகத்துக்கு நடையாய் நடந்தீர்கள். விடுமுறை நாளில்கூட அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து மனு எழுதினீர்கள். அம்மா எல்லோருக்கும் காபி கொடுப்பாள். உங்களுக்கு ஏன் வம்பு என்று அக்கம்பக்கத்தில் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் பதில் சொன்னதாக நினைவில்லை, எழுதிக்கொண்டே இருந்தீர்கள்.

இங்கே உதவித்தொகைக்குக் கடைசித் தேதி மார்ச் 2. நாளைக் காலை அந்தப் பெண் தன் தம்பியைக் கூட்டி வருகிறாள், அவன் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச் 2 வரை ஞாயிறுகளில் கொஞ்ச நேரம்தான் பேச முடியும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் அன்பு மகள்