கோதன்பர்க்கும் கௌதமபுரமும்

ஐயா,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஐரோப்பியக் கால்பந்து கிளப் என்றால் மாட்ரிட், மான்செஸ்டர் மட்டும்தானா? சுவீடனின் ஐ.எஃப்.கே. கோதன்பர்க் 1904-இல் ஒரு காபிக் கடையில் கூடிப் பேசித் தொடங்கிய அணி. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பையின் 1982 இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் அணியை உள்ளூரில் 1-0, அப்புறம் அவர்கள் மைதானத்திலேயே 3-0 என்று சாய்த்தது. வீரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். பயிற்சியாளர் எரிக்சனுக்கு 34 வயது. 1987-இல் மறுபடியும் அதே கோப்பை.

நானும் முதல் ஷிஃப்ட் முடித்து, கிரீஸ் கையோடு மைதானத்துக்கு ஓடியவன். எங்கள் பேட்டையில் பெலேவுக்கே சிலை உண்டு. டீக்கடைப் பையனிடம் எரிக்சனைத் தெரியுமா என்றேன். “பழைய மொபைல் கம்பெனிதானே தாத்தா?” என்கிறான். ஞாயிறு இதழில் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற ஃபிட்டர், கௌதமபுரம், பெங்களூரு